ஆறும் வழியும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் பல பொருள் உடையது. நீர் ஓடும் ஆற்றையும் அஃது உணர்த்தும். மக்கள் நடக்கும் வழியையும் உணர்த்தும். பத்துப்பாட்டு என்னும் தொகையுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி கூறி அனுப்புதல் அவ்வகையின் இலக்கணம் ஆகும். அக்கலைஞர்கள் தனித்து வழிச்செல்பவர் அல்லர்; தம் சுற்றத்தாரோடு கூடிச் செல்பவர். வழிநடை என்பது அவர்களுக்குக் கூட்டத்தின் செயலாகவே இருந்தது.

இக்காலத்து நகர மக்களின் நிலை வேறு. அவர்கள் வீட்டிற்கு அருகே பேருந்தில் ஏறுகின்றனர். அலுவலகத்திற்கு அருகே இறங்குகின்றனர். அல்லது நிலத்தின் அடியில் ஓடும் தொடர்வண்டியில் புகுந்து, நகரின் மற்றொரு மூலையில் வெளிப்படுகின்றனர். புறப்பட்ட இடத்தை அறிவர். சேர்ந்த இடத்தையும் அறிவர். இடைப்பட்ட ஊரை அறியார். ஆறு குறுக்கிட்டால் பாலத்தின் மேல் அரை நிமிடத்தில் கடந்துவிடுகின்றனர். அது எங்கே பிறக்கிறது, எவ்வூர்களைத் தழுவி வருகிறது, எங்கே சென்று சேர்கிறது என்பவற்றை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கண்ணில் படாத பொருளின்மேல் கருத்துச் செல்வதில்லை. கருத்துச் செல்லாத பொருள் காக்கப்படுவதும் இல்லை. ஆதலின் நகரில் வாழ்வோர் ஆண்டிற்கு ஒரு முறையேனும் பலராய்க் கூடித் தம் ஆற்றின் கரைவழியே நடந்து காணுதல் வேண்டும். இதனைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. குடிமக்கள் தம் நகருக்குச் செய்யும் கடமைகளுள் இதுவும் ஒன்றாம்.

இக்கருத்துக்குச் சிங்கப்பூரில் உள்ள காலாங் ஆறு நல்லதொரு சான்றாகும். தமிழையும் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாகக் கொண்ட அந்நாட்டில் இதுவே மிக நீண்ட ஆறு. மிக நீண்ட ஆறு என்பினும் அதன் நீளம் ஏறத்தாழப் 10 கிலோமீட்டரே. தீவின் நடுவே உள்ள லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் தொடங்கி, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர் ஆகிய குடியிருப்புகளின் வழியே சென்று, தென்கரையில் மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. விடியற்காலையில் புறப்படும் குழு ஒன்று, ஆங்காங்கே இளைப்பாறிச் சென்றாலும், நண்பகலுக்குள் அதன் தொடக்கத்தையும் முடிவையும் கண்டுவிடலாம். ஓர் ஆற்றின் முழு வாழ்வையும் ஒரே காலைப்பொழுதில் காணும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதன்று.

அவ்வழியில் முதலில் கருத்தை ஈர்ப்பது பீஷான் அங் மோ கியோ பூங்காவாகும். முன்னாளில் அவ்விடத்தில் ஆறு, ஆறாக இல்லை. வெள்ளத்தை விரைந்து வெளியேற்றும் பொருட்டு அதனை நேராக்கி, 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள கற்காரைக் கால்வாயாக அமைத்திருந்தனர். மழை பெய்தால் நீர் சீறிப் பாயும். மழை நின்றால் அடியில் மெல்லியதோர் ஓடையே எஞ்சும். மக்கள் அதனை அணுகுவதில்லை. 2006-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, நீர்நிலைகளை மக்கள் வாழ்வோடு இணைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்படி இப்பூங்காவில் கற்காரையைப் பெயர்த்தெடுத்து, ஆற்றுக்குப் பழைய வளைவுகளைப் போன்ற வளைவுகளை அளித்தனர். கரைகளைக் கற்களாலும், மண்ணை இறுகப் பற்றும் வேர்களையுடைய செடிகளாலும் வலிமைப்படுத்தினர். 2012-ஆம் ஆண்டில் 62 ஹெக்டேர் பரப்புள்ள பூங்காவின் நடுவே 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு மீண்டும் ஓடியது. கரை வளைந்தமையால் ஆறு நீண்டது, வேகமும் தணிந்தது. நாரையும் மீன்கொத்தியும் வந்தன. நீர்நாய்க் குடும்பங்களும் இவ்வாற்றில் உலவலாயின. நேற்றுவரை விலகி நின்ற சிறுவர் நீரின் அருகே சென்று அமர்ந்தனர்.

பூங்காவைக் கடந்து தெற்கே நடப்போர் மற்றொரு காட்சியைக் காண்பர். வளைந்து வந்த ஆறு மீண்டும் நேரான கற்காரைச் சுவர்களுக்குள் புகுகிறது. ஒரே ஆற்றின் இரு தோற்றங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மனிதன் ஆற்றை அடக்க முயன்ற முறை இஃது, அதனோடு உடன்பட்டு வாழக் கற்ற முறை அஃது என்று எவரும் கூறாமலே விளங்கும். நூலில் பல பக்கங்கள் படித்து அறிவதை, இரண்டு கிலோமீட்டர் நடந்தவன் கண்ணாலேயே அறிந்துகொள்கிறான். ஊர்தியில் விரைபவனுக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

ஊர்களின் பெயர்களும் நடப்பவனுக்குப் பாடம் சொல்கின்றன. தோ பாயோ என்பது பெருஞ்சதுப்பு என்னும் பொருளுடையது. பொத்தோங் பாசிர் என்பது மலாய் மொழியில் மணல் வெட்டுதலைக் குறிக்கும். பீஷானில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் நிலம், ஒரு காலத்தில் சீன மக்களின் பெரிய இடுகாடாக இருந்தது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில், தமிழரின் கடைகளுக்கும் கோயில்களுக்கும் இடையே தொடங்கும் சிராங்கூன் சாலை, வடகிழக்கே சென்று இவ்வாற்றைக் கடக்கிறது. ஆற்றுக்குப் பெயர் தந்தவர் காலாங் மக்கள். 1819-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது, இவ்வாற்றின் முகத்துவாரத்தில் படகுகளையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். பின்னர் அவர்கள் ஜொகூருக்குப் பெயர்க்கப்பட்டனர். பெயர் மட்டும் ஆற்றோடு தங்கிவிட்டது. சதுப்பும் மணலும் இடுகாடும் படகு வீடும் மறைந்த பின்னரும், அவற்றின் நினைவை வழி காத்து வருகிறது.

ஆற்றின் முடிவிடம் நடைப்பயணத்தின் உயிர்நிலை ஆகும். 1970-களில் காலாங் ஆறும் அதனை அடுத்த சிங்கப்பூர் ஆறும் கழிவுநீர்ச் சாக்கடைகள் போல் நாறின. பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள், தெருவோர உணவுக் கடைகள் ஆகியவற்றின் அழுக்கெல்லாம் ஆற்றில் கலந்தது. 1977-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலைமை அமைச்சர் லீ குவான் இயூ, இவ்விரண்டு ஆறுகளும் பத்து ஆண்டுகளுள் தூய்மை அடைதல் வேண்டும் என்று இலக்கு வகுத்தார். 1987-ஆம் ஆண்டில் அப்பணி நிறைவேறியது. 2008-ஆம் ஆண்டில் மரினா கால்வாயின் குறுக்கே, 350 மீட்டர் அகலத்திற்கு அணை ஒன்று கட்டப்பெற்றது. அதனால் கடலோடு கலந்திருந்த முகத்துவாரம் நன்னீர்த் தேக்கமாக மாறியது. இத்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 10,000 ஹெக்டேர். தீவின் ஆறில் ஒரு பங்கு. அப்பரப்பில் உள்ள தெருக்களிலும் கூரைகளிலும் விழும் மழை, வடிகால் வழியே ஆற்றை அடைந்து, ஆற்றின் வழியே தேக்கத்தை அடைந்து, தூய்மை செய்யப்பெற்று, மக்களின் குவளையை அடைகிறது.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பீஷானில் ஒருவன் வடிகாலில் எறியும் குப்பை, அவன் மறுநாள் பருகும் நீரின் வழியிலேயே கிடக்கிறது. இவ்வுண்மையை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம், எழுதியும் வைத்திருக்கின்றனர். ஆயினும் வடிகாலின் வாயிலிருந்து தேக்கத்தின் கரை வரையில் தன் காலால் நடந்தவனுக்கு அது கேட்ட செய்தி ஆகாது, பட்டறிவு ஆகும். காலால் அளந்த தொலைவை மனம் மறப்பதில்லை.

தனியே நடத்தல் போதாதோ, கூட்டம் எதற்கு என்று வினவுவோர் உளர். தனிநடையால் உடல் நலம் பெறும், சிந்தனையும் தெளியும். ஆனால் ஒருவன் காண்பதைவிடப் பத்துப் பேர் காண்பது மிகுதி. முதியவர் பழைய ஊரைக் காட்டுவார். பறவைகளை அறிந்தவர் பறவையைக் காட்டுவார். சிறுவர் எவரும் காணாத ஒன்றைக் கண்டு கூவுவர். மேலும், கூட்டுநடை ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது. முன்னே வழி தெரிந்த ஒருவர் செல்லுதல் வேண்டும். பின்தங்குவோரைக் காக்கப் பொறுமையுள்ள ஒருவர் இறுதியில் வருதல் வேண்டும். சாலையைக் கடக்குமிடத்தில் முன்னவர் பின்னவருக்காகக் காத்து நிற்றல் வேண்டும். மிதிவண்டியில் வருவோர்க்கு வழிவிட்டு, ஓரமாகச் செல்லுதல் வேண்டும். கூட்டத்தின் வேகம் எப்போதும் மெல்ல நடப்பவரின் வேகமே. வல்லவன் தன் விரைவைக் குறைத்து மெலியவனோடு ஒத்து நடப்பதைவிடச் சிறந்த குடிமைப் பயிற்சி வேறு யாது?

வெயிலும் மழையும் மிக்க நாட்டில் இவ்வளவு தொலைவு நடத்தல் துன்பம் அன்றோ என்பர் வேறு சிலர். துன்பம் இல்லை என்று கூறுதல் பொய்யாகும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவு, புழுக்கம் மிகுதி, பெருமழை திடீரெனப் பெய்யும். பீஷான் பூங்காவில் மழைக்காலத்தில் ஆறு விரைந்து அகன்று புல்வெளியின் மேல் பரவும். அதனை முன்னறிவிக்க எச்சரிக்கை விளக்கும் ஒலிக்கருவியும் அமைத்துள்ளனர். அவ்வொலி கேட்டவுடன் கரையை விட்டு மேட்டிற்குச் செல்லுதல் வேண்டும். அறிவுடையோர் விடியலில் புறப்படுவர். குடிநீரும் குடையும் கொண்டு செல்வர். வானத்தை நோக்கி நடப்பர். இயற்கையின் ஆற்றலை அறிந்து பணிதலும் இந்நடையால் வரும் கல்வியே.

ஆற்றங்கரைப் பசுமை என்பது செல்வர்க்கு உரிய அணிகலன் என்று கூறுவோரின் குறை ஓரளவு எண்ணத்தக்கது. ஆறு தூய்மை பெற்ற வரலாற்றில் இழப்பும் உண்டு. பண்ணைகளை இழந்தோரும், குடிசைகளை விட்டு அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தோரும், பழைய தொழிலைக் கைவிட்டோரும் பலர். கரையில் நடப்போர் அவர்களையும் நினைத்தல் வேண்டும். ஆனால் அந்த இழப்பின் பயன் இன்று சிலருக்கு மட்டும் உரியதாய் இல்லை. காலாங் ஆற்றின் இருமருங்கிலும் 2 கிலோமீட்டர் எல்லைக்குள் ஏறத்தாழ 8,00,000 மக்கள் வாழ்வதாக 2017-ஆம் ஆண்டில் அந்நாட்டின் நகர்ப்புற அமைப்புத் துறை அறிவித்தது. அவருட் பெரும்பாலோர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்பவர். கரைவழியில் நடக்கக் கட்டணம் இல்லை, வாயிற்காவலரும் இல்லை. பலரது இழப்பால் கிடைத்த பொதுச்செல்வம், பலரும் வந்து நடந்தால் அன்றோ பொதுச்செல்வமாக நிலைபெறும்? நடப்பார் இன்றி வெறுமையாகக் கிடக்கும் கரையை வேறு பயனுக்கு எடுத்துக்கொள்ளுதல் எளிது. நாள்தோறும் மக்கள் நடமாடும் கரையைத் தொடுவதற்கு எவரும் இருமுறை எண்ணுவர்.

ஆற்றைத் தூய்மை செய்தவர் அரசினர். அணை கட்டியவர் பொறியாளர். கரையில் செடி நட்டவர் தொழிலாளர். இவர்கள் செய்த பணியைக் காக்கும் பொறுப்பு ஊரில் வாழும் எல்லோரையும் சார்ந்தது. பத்து ஆண்டுகள் உழைத்துத் தூய்மை செய்த ஆற்றைப் பத்தே ஆண்டுகளில் மீண்டும் பாழாக்கிவிடவும் கூடும். சட்டமும் தண்டமும் அதனை ஓரளவே தடுக்கும். ஆற்றைத் தம்முடையது என்று எண்ணும் மக்களின் கண்களே முழுமையான காவல். அவ்வெண்ணத்தை விதைப்பதற்கு மாணவப் பருவமே ஏற்றது. பள்ளியில் நிலப்படத்தின்மேல் நீலக்கோடாகக் கண்ட ஆற்றை, ஆசிரியரோடும் தோழரோடும் கூடிச் சென்று ஒருநாள் நேரிற் காணும் மாணவன், வளர்ந்து அதிகாரியாயினும் வணிகனாயினும், அந்த ஆற்றுக்குத் தீங்கு செய்ய நாணுவான்.