குலத்திலா குற்றம்?

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பூட்டு உடைந்தால் போதும். "அந்தத் தெருப் பயல்களாகத்தான் இருக்கும்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள் திண்ணை நீதிபதிகள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. தெருவின் பெயரே சாட்சி! காரணம் கேட்டால் பிறவிக் குணமாம், முன்வினையாம், தலையெழுத்தாம்!

இந்த நஞ்சு நேற்று முளைத்ததன்று. 1871-இல் வெள்ளையன் இதையே குற்றப் பரம்பரைச் சட்டமாக்கினான். 1911-க்குப் பின் அது சென்னை மாகாணத்தையும் பற்றிற்று. குற்றம் செய்தானா என்று கேட்கவில்லை அச்சட்டம். யார் வயிற்றில் பிறந்தான் என்று கேட்டது. கைரேகை வை என்றது, இரவில் காவல் நிலையத்தில் படு என்றது. பணிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கி பேசிற்று. மாகாணத்தில் 1947-இலும் நாடெங்கும் 1952-இலும் சட்டம் ஒழிந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுவைக்குள் அது நுழையவேயில்லை. சட்டம் வராத ஊரில் அதன் புத்தி மட்டும் எப்படி வந்தது, தோழர்களே? சாதி இருக்குமிடத்தில் அதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை போலும்!

சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்ற இரு அறிஞர்கள் சிறார் குற்றங்களை நிலப்படத்தில் புள்ளியிட்டுப் பார்த்து, 1942-இல் நூலாக வெளியிட்டனர். ஆலைகளை ஒட்டிய, இடிந்த வீடுகளும் வறுமையும் மண்டிய பகுதிகளிலேயே புள்ளிகள் குவிந்தன. அங்கே முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ் மக்களும் வாழ்ந்தனர். அவர்கள் போனபின் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தனர். ஆட்கள் மாறினர்; புள்ளிகள் இடம் மாறவில்லை! குருதியில் குற்றம் ஓடுமானால், குடும்பத்தோடு அதுவும் குடிபெயர்ந்திருக்க வேண்டாமா?

திருடியவனைத் தண்டிக்காதே என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய தெருக்களிலும் பெரும்பாலோர் உழைத்தே உண்கின்றனர், வியக்கத்தக்கது அதுவே. புதுவையில் தலைமுறை தலைமுறையாகச் சோறிட்ட ரோடியர் ஆலை, 1898-இல் எழுந்தது, 2020-இல் மூடப்பட்டது. தந்தைக்கு வேலை போனது. மகனுக்குத் தொழில் கற்பிக்க ஆளில்லை. சாராயக் கடையில் மட்டும் விளக்கு அணையவில்லை, அரசின் கருவூலம் அதை நம்பியிருப்பதால்!

2024 ஜூன் 11-இல் இதே ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறைக்குள் புகுந்த நச்சுக்காற்று மூன்று உயிர்களைக் குடித்தது. ஒருத்தி பள்ளிச் சிறுமி. இதற்குக் காரணமானவன் எந்தக் குலம் என்று திண்ணை கேட்டதா? ஒரு பூட்டுக்குக் குலம் கேட்பவர்கள் மூன்று உயிருக்கு ஏன் கேட்கவில்லை? தெருவின் பெயரைக் குற்றப் பட்டியலில் எழுதத் துடிக்கும் கை, அத்தெருவில் விளக்கு எரிகிறதா, சாக்கடை மூடியிருக்கிறதா, பதினாறு வயதுப் பையனுக்கு மாலையில் போக ஒரு படிப்பகம் உண்டா என்பதையும் சேர்த்து எழுதட்டும்.