பாத்டப் ஒழுகுகிறதா? டைல்ஸை உடைக்கும் முன்...

கம்ப்யூட்டர் திடீரென்று ஆன் ஆகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். ராமைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவீர்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ். கிடைத்தால் போட்டுப் பார்ப்பீர்கள். ஒன்றை மாற்றுவது, பலனைப் பார்ப்பது, பிறகு அடுத்தது. ராமையும் மாற்றி, விண்டோசையும் திரும்பப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் எதனால் நின்றது என்பது கடைசிவரை தெரியாது.

இவ்வளவு தெரிந்த நானே, வீட்டில் பாத்டப் ஒழுகியபோது முதலில் வந்த காண்ட்ராக்டர் சொன்னதைக் கேட்டு அட்வான்ஸ் கொடுக்கப் பர்சை எடுத்துவிட்டேன்.

சென்னையில் எங்கள் பிளாட் இரண்டாவது மாடியில். பழைய பிளாட்டாக வாங்கினோம். முந்தைய உரிமையாளர் ஆசைப்பட்டு ஒரு அக்ரிலிக் பாத்டப் வைத்து, சுற்றிலும் செங்கல் கட்டி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார். அடியில் கை விட்டுப் பார்க்க ஒரு சின்னக் கதவு கூட வைக்கவில்லை. வாரநாட்களில் டப்பில் நின்றுகொண்டே ஷவரில் குளிப்போம். ஞாயிறு மாலை மட்டும் பிள்ளைகள் இருவரும் நிரப்பிக்கொண்டு ஆட்டம் போடுவார்கள்.

கோடை விடுமுறையில் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுது, கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் சீலிங்கிலிருந்து சுவர் வழியாக இறங்கி, கீசரின் பிளக் பாயிண்ட்டை ஒட்டி ஓடியிருந்தது. மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதாம். அதைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "இதை பைபாஸ் பண்ணிடலாம், தொல்லை விட்டுடும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இல்லையென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டித்துவிடும். அது விழுவது தொல்லை இல்லை. அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே பொருள் அதுதான். கீசரை அணைத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் போட்டு, பாதி பாதி பக்கெட்டாக அவர் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வாரத்துக்குள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் காண்ட்ராக்டர், "தினமும் சொட்டுதுன்னா பைப் லைன்தான் சார். டப்பை எடுத்து, டைல்ஸை உடைச்சு, புது வாட்டர்புரூஃபிங் போடணும்" என்று 85,000 ரூபாய் சொன்னார். இரண்டாமவர் டைல்ஸ் இடுக்குகள்தான் காரணம் என்றார். அவருக்குத் தெரிந்தது இடுக்கில் எபாக்சி பூசும் வேலை. மூன்றாமவர் தெர்மல் கேமராவோடு வந்தார். திரையில் நீலமும் ஆரஞ்சுமாகப் படம் பிரமாதமாக இருந்தது. நீலமாக இருப்பதெல்லாம் ஈரம் என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தெர்மல் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்பநிலையைப் பார்க்கிறது. ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் கொஞ்சம் குளிர்கிறது. அந்த வித்தியாசம்தான் நீலமாகத் தெரிகிறது. காற்றிலேயே ஈரப்பதம் அதிகமாக உள்ள கடலோர ஊரில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஆவியாகாது, வித்தியாசமும் குறையும். பக்கத்து அறையில் ஏ.சி. ஓடினால் அந்தச் சுவரும் நீலம்தான். சுவரில் குத்திப் பார்க்கும் மாய்ஸ்ச்சர் மீட்டரும் இப்படித்தான். இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள மின்தடையை அளக்கிறது. சுவரில் உப்புப் பூத்திருந்தால் ஈரம் இல்லாவிட்டாலும் அதிகமாகக் காட்டும். கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே ஈரம் என்று அவை சொல்லலாம். எப்போது, எதனால் என்று சொல்லாது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். எங்கே ஈரம் என்பது கீழ்வீட்டு அம்மாவுக்கே தெரிந்திருந்தது.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பாத்டப்பில் தண்ணீர் வெளியேற மொத்தம் நான்கைந்து வழிகள்தான். வரும் பைப், போகும் பைப், டப்பின் மேல்பக்கம் உள்ள ஓவர்ஃப்ளோ ஓட்டை, ஷவருக்கு ஏறும் பைப், டப்பும் சுவரும் சேரும் இடுக்கு. ஒவ்வொன்றும் ஒழுகும் நேரம் வேறு. வரும் பைப்பில் மொட்டைமாடி டேங்க்கின் அழுத்தம் எப்போதும் இருக்கும். அதனால் நீங்கள் தூங்கினாலும் ஊருக்குப் போனாலும் அது ஒழுகும். போகும் பைப் டப்பைத் திறந்துவிடும்போது மட்டும். ஷவர் பைப்பும் இடுக்கும் ஷவர் போடும்போது மட்டும். ஓவர்ஃப்ளோ, டப் நிரம்பினால் மட்டும்.

முதல் சோதனையிலேயே தவறு செய்தேன். ஒரு திங்கள் இரவு குளியலறையின் கேட் வால்வை மூடினேன். மறுநாளும் கீழே சொட்டியது. ஆகவே வரும் பைப் இல்லை என்று முடிவு கட்டினேன். அது முடிவே இல்லை. நம் ஊர் பிளாட்டுகள் பலவற்றில் குளியலறைத் தளத்தை ஓரடி அளவுக்குப் பள்ளமாகப் போட்டு, பைப்புகளைப் பதித்து, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருப்பார்கள். அந்த ஜல்லி ஸ்பாஞ்ச் மாதிரி. ஒழுகுவது நின்றாலும் அது குடித்த தண்ணீரை நாள் கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் பழைய கேஷ் ஃபைல்களை அழிக்காமல், வெப்சைட் இன்னும் மாறவில்லையே என்று புலம்புவது போலத்தான் நான் செய்தது.

ஆகவே முதலில் காய வைக்க வேண்டும். அந்தக் குளியலறையைப் பூட்டினோம். நல்லவேளை, இன்னொன்று இருக்கிறது. வால்வைத் திறந்தே வைத்தேன். கீழ்வீட்டில் என் பழைய மொபைலை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, சீலிங்கைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி வைத்தேன். இதற்கு டைம் லாப்ஸ் வசதி போதும். அந்த அம்மா குளிக்கப் போகும்போது எடுத்து வெளியே வைத்துவிடுவார். அதற்கு முன் என் பையன் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், பஸ்சர், 9 வோல்ட் பேட்டரி வைத்து வாட்டர் அலாரம் செய்து கொடுத்திருந்தான். அது அவர் குளிக்கும்போது தெறித்த தண்ணீருக்கெல்லாம் அலறியது. இரண்டாம் நாளே பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

ஆறாம் நாள் சொட்டு நின்றது. மேலும் மூன்று நாள் விட்டேன். வால்வு திறந்தே இருந்தும் காய்ந்தே இருந்தது. 85,000 ரூபாய் பைப் லைன் அத்தோடு போயிற்று. ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான் மிகப் பெரிய சோதனை!

அடுத்து டப்பை மூடி, ஓவர்ஃப்ளோ ஓட்டைக்கு நான்கு விரல் கீழே வரை நிரப்பி, மட்டத்தில் ஒரு டேப் ஒட்டினேன். ஓர் இரவு முழுவதும் மட்டம் இறங்கவில்லை. கீழேயும் காய்ந்தே இருந்தது. காலையில் மொத்தத்தையும் திறந்துவிட்டேன். இரண்டு நாள் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. போகும் பைப்பும் தப்பித்தது.

மொபைலை சார்ஜ் போட எடுக்கப் போன அன்றுதான் அந்த மாதக் காலண்டரைப் பார்த்தேன். சமையலறை வாசலில், பால் கணக்கு எழுதும் காலண்டர். சில தேதிகளைச் சுற்றி வட்டம். "என்னம்மா இது?" என்றேன். "சொட்டின நாள் தம்பி. நீ கேப்பேன்னு எழுதி வச்சேன். நீ கேக்கவேயில்லையே" என்றார்.

மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்ட நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கிட்டத்தட்ட எல்லா நாளும் வட்டம். ஜூன் பாதியிலிருந்து திங்கள், செவ்வாய் மட்டும். படம் எடுத்துக்கொண்டு மேலே வந்து எக்செல்லில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று அவருடைய வட்டங்கள். மற்றது எங்கள் வீட்டில் டப் நிரப்பிய நாட்கள். விடுமுறையில் பிள்ளைகள் தினமும் நிரப்பினார்கள். பள்ளி திறந்ததும் ஞாயிறு மட்டும். ஷவரோ ஆண்டு முழுவதும் தினமும் போடுகிறோம். இடுக்கிலோ ஷவர் பைப்பிலோ கோளாறு என்றால் வாரம் முழுவதும் வட்டம் இருந்திருக்க வேண்டும். எபாக்சிக்காரரும் அத்தோடு போனார். முதல் காண்ட்ராக்டர் சொன்ன "தினமும்" என்பதும் பொய்யில்லை. அவர் வந்தது மே மாதம்.

ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டப்பை ஓவர்ஃப்ளோவுக்கு மேல் நிரப்பி, பத்து நிமிடம் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீரை ஓட விட்டேன். மறுநாள் மொபைலில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அதிகாலை 4.40 வரை சீலிங் காய்ந்திருக்கிறது. 4.45 படத்தில் முதல் துளி. இடையில் பத்து மணி நேரத்துக்கும் மேல் அது ஜல்லிக்குள் ஊறி நடந்து வந்திருக்கிறது. ஞாயிறு குளியல் திங்களில் தெரிந்ததன் காரணம் இதுதான்.

ஓவர்ஃப்ளோ மூடியின் ஸ்குரூவைக் கழற்றி விரலை விட்டால், டப்புக்கும் பின்னால் உள்ள பைப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. பிளம்பர் அந்த ஓட்டை வழியாகவே புதிய வாஷரைப் பொருத்தினார். ஒரு டைல்ஸ் கூட உடையவில்லை. வாஷரின் விலை 100 ரூபாய்க்கும் கீழ். எல்லா வீட்டிலும் இப்படி மலிவாக முடியும் என்று சொல்ல மாட்டேன். வரும் பைப் என்று தெரிந்திருந்தால் நானும் உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டு உடைத்திருப்பேன்.

அந்த பிளம்பர் சொன்ன இன்னொரு விஷயம். டப்பின் ஓரத்துக்கு சிலிக்கான் பூசும்போது டப்பில் தண்ணீரை நிரப்பிவிட்டுப் பூச வேண்டுமாம். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அக்ரிலிக் டப் அந்த எடையில் சற்றுக் கீழே இறங்கும். காலியாக இருக்கும்போது பூசினால், முதல் குளியலிலேயே சிலிக்கான் இழுபட்டுப் பிரிந்துவிடும். எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

கீழ்வீட்டு சீலிங் நன்றாகக் காயும் வரை விட்டு, பூச்சும் பெயின்ட்டும் என் செலவில் முடித்துக் கொடுத்தேன். வேறு எலக்ட்ரீஷியன் வந்து கீசர் பாயிண்ட்டை மாற்றினார். ஆர்.சி.சி.பி. அதன் இடத்திலேயே இருக்கிறது. அவர் மறுபடியும் கீசர் போடுகிறார். என்னை மட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை. திங்கட்கிழமை காலை படிக்கட்டில் பார்த்தால், நான் கேட்பதற்கு முன்பே "இன்னிக்கு வட்டம் இல்லை தம்பி" என்கிறார்.