டூட்டி லிஸ்ட் எழுதும் கை

"சிஸ்டர், வியாழக்கிழமை நைட்டை மட்டும் மாத்திக் குடுங்க, பொண்ணுக்குப் பரீட்சை." வார்டு பொறுப்பேற்ற முதல் வருடம் இப்படி வந்து நின்ற ஒரு செவிலியருக்கு நான் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "குடும்பம் உனக்கு மட்டுமா இருக்கு?" அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நானும் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். எல்லோருக்கும் ஒரே விதி, யாருக்கும் சலுகை கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர்களிடம் நான் கற்ற நிர்வாகம் அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பதில்களைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பவரின் உடம்பு என்ன ஆகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 4 முதியோர் பராமரிப்பு நிலையங்களில் 393 பணியாளர்களை வைத்து லிசா பெர்க்மன் குழுவினர் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. "உங்கள் மேலாளர் எப்படி?" என்று பணியாளர்களைக் கேட்டிருந்தால் நமக்குச் சந்தேகம் வரும், சோர்ந்து கிடப்பவருக்கு மேலாளரும் பொல்லாதவராகத்தான் தெரிவார். இவர்கள் மேலாளர்களிடமே உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுத் தேவை என்று ஒருவர் வந்து நின்றால் எவ்வளவு காது கொடுக்கிறார், எப்படி வழி கண்டுபிடிக்கிறார் என்பதற்கு மதிப்பெண் போட்டார்கள். பணியாளர்களின் தூக்கத்தை மணிக்கட்டில் கட்டிய கருவி கணக்கெடுத்தது. ரத்த அழுத்தம், கொழுப்பு, ஹெச்பிஏ1சி, உடல் எடை, புகைப்பழக்கம் எல்லாம் தனியாகப் பார்க்கப்பட்டன.

மதிப்பெண் குறைந்த மேலாளர்களின் கீழ் வேலை பார்த்தவர்கள், மதிப்பெண் மிக உயர்ந்த மேலாளர்களின் கீழ் இருந்தவர்களைவிட நாளொன்றுக்கு 29 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகள் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு அவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பவர்களிடம் இந்த ஆபத்து இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. ஒரே காலகட்டத்தில் எடுத்த அளவீடு என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரத் தூக்கம் என்பது, நைட் டூட்டி பார்த்த யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமல்ல.

சரி, ஆதரவான மேலாளர் என்றால் யார்? நம் வட்டாரத்தில் இதற்கு "நல்ல மனசு" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அந்த இன்சார்ஜுக்கு நல்ல மனசு, இந்த இன்சார்ஜுக்கு இல்லை; அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மனதைப் பயிற்சி வகுப்பில் மாற்ற முடியாதே! லெஸ்லி ஹாமர், எலன் கோசெக் ஆகியோர் 2009-இல் உருவாக்கிய அளவுகோல் இந்த மூட்டையைப் பிரித்துவிட்டது. காது கொடுத்துக் கேட்பது, அன்றைய சிக்கலுக்குக் கைகொடுப்பது, தானே நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க் காட்டுவது, வேலையின் அமைப்பையே மாற்றி யோசிப்பது: நான்குமே கண்ணால் பார்க்கக்கூடிய செயல்கள்.

காய்ச்சலோடு டூட்டிக்கு வந்ததைப் பெருமையாகச் சொல்லும் இன்சார்ஜ், மூன்றாவதில் தோற்றுவிடுகிறார். நான் பல வருடம் தோற்றேன். நான்காவதுதான் நம் துறையின் உயிர்நாடி, ஏனென்றால் அது முழுக்க டூட்டி லிஸ்டில் இருக்கிறது. ஞாயிறு மாலை ஒட்டி, திங்கள் காலை அமலுக்கு வரும் லிஸ்டை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் எதையும் திட்டமிட முடியாது. இரண்டு வாரம் முன்னால் ஒட்டினால், மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்வார்கள். பாதிக் கோரிக்கைகள் நம் மேசைக்கே வராது.

சட்டமும் கடைசியில் இந்த மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே போய்வரலாம் என்றும் சொன்னது. அந்த நேரத்தில் அவருடைய படுக்கைகளை யார் பார்ப்பது என்று சட்டம் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவர் சொல்லாதவரை அந்த உரிமை அரசிதழிலேயே இருக்கும்.

மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் எல்லோருக்கும் நன்மை என்று யாராவது விற்க வந்தால், 2011-இல் வெளியான மளிகைக் கடை ஆய்வைக் காட்டுங்கள். 12 கடைகளை வைத்து ஹாமர் குழு செய்த அந்த ஆய்வில் பயிற்சி சில மணி நேரம்தான். தாங்கள் செய்ததைத் தாங்களே குறித்துவைக்கவும் மேற்பார்வையாளர்களைப் பழக்கினார்கள். வீட்டு நெருக்கடி வேலையைப் பாதித்துக்கொண்டிருந்த பணியாளர்களுக்குப் பலன் கிடைத்தது. அந்த நெருக்கடி குறைவாக இருந்தவர்களிடம் விளைவு எதிர்த்திசையில் போனது. ஏன் என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு, அது நம் வார்டிலிருந்து வருவது. தீபாவளி இரவு யாருக்கு விழுகிறது? "கல்யாணம் ஆகாத பொண்ணுதானே" என்று ஒரு பெயர் எழுதப்படும். பொங்கலுக்கும் அதே பெயர். அந்தப் பெண் ஊரில் டயாலிசிஸ் போகும் அம்மாவுக்குத் துணையாக இருக்கலாம். நாம் கேட்டதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டுமே குடும்பம் உண்டு என்று எண்ணும் ஆதரவு, ஒருவர் சுமையை இறக்கி இன்னொருவர் தலையில் வைக்கிறது.

இன்சார்ஜுகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பேர் பார்க்கும் வார்டில் மூன்றாவது ஆளை எந்த யோசனையும் பிறப்பிக்காது. ஆள் எடுப்பது நிர்வாகத்தின் வேலை. ஹூப்ளரும் பிராஸும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நிறுவனம் தனக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று எண்ணும் மேற்பார்வையாளர், தன் கீழுள்ளவரிடம் கடுமையாக நடக்கிறார், கடுமைக்கு ஆளானவரின் எரிச்சல் அவர் வீட்டில் போய் விழுகிறது. இதைச் சொன்னவர்கள் வீட்டில் இருந்தவர்களே. எனவே நர்சிங் சூப்பரிண்டெண்ட் அறைக் கதவைத் தாண்டாத எந்தச் சீர்திருத்தமும் அரைகுறைதான்.

அன்று பரீட்சைக்காகக் கேட்டு நின்றவர் இன்று வேறொரு மருத்துவமனையில் இன்சார்ஜ். லிஸ்டை முதலில் பென்சிலில் எழுதி மூன்று நாள் டூட்டி அறையில் மாட்டிவைக்கிறார். யாருக்கு எது முடியாது என்று ஓரத்தில் குறிக்கலாம், காரணம் எழுத வேண்டியதில்லை. பிறகுதான் பேனா. பண்டிகை இரவுகளுக்குத் தனி நோட்டு, அதில் அவர் பெயரும் சுற்றில் வரும். போன மாதம் போனில் பேசியபோது, மேலிடத்திலிருந்து இதுவரை ஒரே ஒரு கேள்விதான் வந்தது என்றார்: பென்சிலில் எழுதியதை ஃபைலில் எப்படி வைப்பது?