வானின் கூரையை மூடாதீங்க, கழட்டுங்க

பெரியகல்லாற்றில் நிற்கிற பழைய ஹயஸ் வான் ஒன்றுக்குள் ஏறி ஒருக்கா நிமிர்ந்து பாருங்க. கூரைத் துணி தொட்டில் மாதிரித் தொங்கும். விரலால் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். அதே வானுக்கு வெளியில் புது ஸ்ரிக்கர், உள்ளே புது செற், கலர் கலராய் லைற். கேட்டால், "விடு மனே, மேல ஆரு பாக்கிற?" என்பார்கள்.

பார்க்கிறது பிள்ளைகள். காலையில் பள்ளிக்கூடத்துக்கு இந்த வானில்தான் போகிறார்கள். அந்தத் தூள் வெறும் அழுக்கில்லை. துணிக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்பொஞ், வெயிலிலும் ஈரத்திலும் மக்கி உதிர்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கட ஊரில் அது வேகமாய் மக்கும்.

வான் பழசாய்க் கிடப்பதற்கு உரிமையாளரை ஏசமாட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்துப் பார்த்தால் எட்டாத விலை. ஆகவே டொல்பின் வான்கள் இன்னும் கனகாலம் ஓடத்தான் போகின்றன. நாங்கள் எதிர்ப்பது மூடி மறைக்கிற வேலையை.

இப்போது அறுகம்பைக்குப் போகிற வெள்ளைக்காரரை நம்பி, பழைய வானைப் படுக்கை போட்டு 'கெம்பர்' ஆக்குகிற ஆசை வந்திருக்கு. நல்ல விசயம். ஜேர்மனியில் வெஸ்ற்பாலியா கம்பனி 1951இலேயே வொக்ஸ்வாகன் வானுக்குள் படுக்கை போட்டது. எங்கட ஆட்களும் உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் போகையில் பானை சட்டியோடு வானில்தான் படுத்தெழும்பினார்கள், பெயர்தான் வைக்கவில்லை. ஆனால் இப்போது செய்வது என்ன? தொங்குகிற துணிக்கு மேலேயே வீட்டுக்கு அடிக்கிற பிளாஸ்ரிக் சீலிங் பலகையைத் திருகாணி போட்டு இறுக்குகிறார்கள். திருகாணி துளைத்த இடத்தால் மாரி மழை இறங்கும். தகட்டுக் கறள் இருட்டுக்குள் வளரும். தீப்பிடித்தால் அந்தப் பலகை மூச்சை அடைக்கிற புகை கக்கும். வாகனத்தின் உள்துணியில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் பரவக்கூடாது என்று அமெரிக்காவில் 1972 முதல் விதி இருக்கு. இங்கே அந்த வானுக்குள்ளேயே காஸ் அடுப்பும் வைக்கிறோம்!

ஒழுங்கான வேலை இப்படித்தான்: லைற், கைபிடி, கதவோர றப்பர் எல்லாம் கழட்ட வேண்டும். துணியைத் தாங்குவது கம்பி என்றால் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதி எடுக்க வேண்டும். ஒன்றின் வளைவு மற்றதுக்கு வராது. பழைய துணியை எறியக்கூடாது, அதுதான் வெட்டுகிற அளவு. மறுகா தகட்டைச் சுரண்டி, கறள் எடுத்து, பிறைமர் அடிக்க வேண்டும். ஓரத்தில் தண்ணி கசிகிற மூட்டுகளை அடைக்க வேண்டும். தண்ணி குடிக்காத ஸ்பொஞ்சாய்ப் பார்த்து ஒட்ட வேண்டும். உள்ளே ஆள் படுத்தால் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் வேர்க்கும். தண்ணி குடிக்கிற சாமானை வைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை அரிக்கும். காற்றுப் போக ஒரு வழியும் வேணும். கடைசியாய்த்தான் துணி. நடுவில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து, பிறகு பக்கங்களுக்கு வர வேண்டும். கம் வெயிலுக்குத் தாங்குகிறதாய் இருக்க வேண்டும். மலிவுக் கம் சித்திரை வெயிலில் இளகி, துணி திரும்பவும் தலையில் விழும்.

இது குஷன் கடைக்காரரின் நாட்கணக்கான வேலை. ஸ்பீக்கருக்குச் சொன்ன காசை எண்ணிக் கொடுக்கிறவர், இவரிடம் மட்டும் "துணிதானே அண்ணன், குறைச்சுப் போடுங்க" என்று பேரம் பேசுகிறார். அந்தப் பேரத்தில்தான் கறள் சுரண்டுகிற வேலை காணாமல் போகிறது. குற்றம் தையல்காரருடையதில்லை.

வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். அங்கே பார்ப்பது பின்னால் வருகிற புகையை. உள்ளே கொட்டுகிற தூளைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும். மாதக் காசு கொடுக்கும்போது கூரை மூலையில் ஒருக்கா கை வைத்துப் பாருங்க. வான் வைத்திருக்கிறவங்க, ஐப்பசி பிறக்க முதல் கழட்டுங்க. மழை தொடங்கினால் பிறைமர் காயாது.