இன்ஜின் மாறியாச்சு, ரேடியேட்டர்?



பழைய கார்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிறவர்களுக்காக இந்த இதழில் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். நமக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் அம்பாசடர்க்காரர்கள் நிறைய. 1489 சிசி பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, 1817 சிசி இசுஸு பெட்ரோல் இன்ஜினை ஏற்றியவர்கள், ஏற்ற ஆசைப்படுகிறவர்கள். நல்ல இன்ஜின் தேடி சென்னைப் புதுப்பேட்டை சந்துகளில் மாதக்கணக்கில் அலைகிறார்கள். கியர்பாக்ஸ், மவுண்ட், சைலன்சர் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுகிறார்கள். ரேடியேட்டர் முறை வந்ததும் மட்டும், “இருக்கிறதே போதும்”, இல்லாவிட்டால் “இருக்கிறதிலேயே தடிமனா ஒண்ணு போட்டுடுங்க” என்று பேச்சு ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம். இரண்டு பதிலிலும் காற்று என்ற ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பழைய இன்ஜின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன், இசுஸு ஏறத்தாழ 75. அதற்காக வண்டி எப்போதும் ஒன்றரை மடங்கு சூட்டைக் கக்கும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சக்தியை நாம் உறிஞ்சுகிறோமோ அதற்கேற்பத்தான் சூடு. ஆளும் சாமானும் சேர்த்து ஒன்றரை டன் வரும் கார், சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட மூன்று, நான்கு கிலோவாட் போதும். அதே கார் அதே வேகத்தில், நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைப்பாதையில் ஏறினால், எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே 13 கிலோவாட் வேண்டும். ஆகக் கூடி நான்கைந்து மடங்கு வேலை, கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சூடு. முன்னால் வந்து மோதும் காற்றோ அதே 40 கிலோமீட்டர் காற்றுதான். ஊருக்குள் மாதக்கணக்கில் சூடு காட்டும் முள் அசையாமல் ஓடிய கார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் கொதிக்கிற ரகசியம் இதுதான். பழைய இன்ஜின் திணறித் திணறி இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில், புது இன்ஜின் இருக்கிற தைரியத்தில் நாம் மிதித்து ஏறுகிறோம் இல்லையா, அந்தக் கூடுதல் சூட்டுக்கும் ரேடியேட்டர் பதில் சொல்ல வேண்டும்.

இதோடு நம் வெயிலும் சேர்கிறது. அம்பாசடரின் மூதாதை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்துக் கார். உள்ளே ஓடும் தண்ணீர் 95 டிகிரி, வெளிக்காற்று 20 டிகிரி என்றால் இடைவெளி 75. நம் சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி. இடைவெளி 55 ஆகிவிடுகிறது. அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் வெளியேற்றும் சூட்டில் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. முன்னால் ஏசி கண்டென்சர் வேறு வைத்திருந்தால் ரேடியேட்டருக்கு வந்து சேருவதே சூடான காற்றுதான். ஆகவே சித்திரை மதியம், ஏசி போட்டு, முழு ஆளோடு மலையேறும் வேளையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே தாங்குவது எங்கேயும் தாங்கும்.

சரி, தடிமனாகப் போட்டால் என்ன? பந்தியில் கடைசி வரிசைக்கு வருகிற பாயசம் மாதிரிதான் பின்வரிசைக் குழாய்களுக்கு வருகிற காற்று. முன்வரிசையிலேயே அது சூடேறிவிடுகிறது. இந்தக் குழாய்கள் அடங்கிய கோர் தடிமனாக ஆக, காற்று ஊடுருவுவதும் கடினம். மெதுவாக ஊர்ந்து ஏறும்போது ஃபேனுக்கு அது பெரும் பாரம். அகலத்திலும் உயரத்திலும் கிடைக்கிற ஒவ்வோர் அங்குலத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தடிமனைக் கடைசியாக யோசிக்கலாம். அம்பாசடரின் அகன்ற மூக்கு இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த வரம்.

அடுத்தது ஃபேன். புது இன்ஜினின் ஃபேன் பழைய இடத்திலேயே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. கீழே இறங்கி நின்றால் கோரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் காற்று, மேல்பாதி சும்மா. இன்ஜினோடு சுற்றும் ஃபேன் என்றால் அதைச் சுற்றி ஒரு கூடு கட்டாயம் வேண்டும். இறக்கைகள் பாதி கூட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சுற்றினால் நன்றாக இழுக்கும். இடமே இல்லையென்றால் கரண்ட் ஃபேன் போடுங்கள், ஆனால் கோருக்குப் பின்னால் நின்று காற்றை இழுப்பதாகப் போடுங்கள். கோருக்கும் பாடிக்கும் நடுவே விட்ட சந்துகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். வழி கிடைத்தால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். செலவே இல்லாத இந்த ஒரு வேலையைப் பலரும் செய்வதில்லை.

செம்பா அலுமினியமா என்று கேட்கிறவர்களுக்கு: செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அலுமினியக் குழாயை அகலமாகச் செய்யலாம், அழுத்தத்தைத் தாங்கும், எடையும் குறைவு. அகலக் குழாய் இரண்டு வரிசை கொண்ட அலுமினியம், நான்கு வரிசைச் செம்புக்கு ஈடுகொடுக்கும். செம்பு, பித்தளை ரேடியேட்டரை ஊர்ப் பட்டறையிலேயே ஈயம் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. சொந்த ஊரில் அப்படி ஒரு நல்ல கைவினைஞர் இருந்தால் அவரிடம் அளவு கொடுத்துப் பெரிய பித்தளைக் கோர் கட்டிக்கொள்வதையே நான் சொல்வேன்.

ஹோஸ்கள் எந்தப் பக்கம், என்ன விட்டம் என்று இன்ஜினைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழ் ஹோஸை வாட்டர் பம்ப் உறிஞ்சும். வேகத்தில் அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே கம்பிச்சுருள் வேண்டும். ரேடியேட்டரின் தலை இன்ஜினைவிடத் தாழ்வாக அமைந்தால், உயரமான இடத்தில் ஒரு தனி டேங்க் வைத்தால்தான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மூடியிலும் கவனம் தேவை. 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது என்பது சரிதான். ஆனால் 4 அல்லது 7 பிஎஸ்ஐக்காகச் செய்த பழைய பித்தளை டேங்கில் அதை மாட்டினால் பற்றவைத்த ஓரங்கள் விட்டுப்போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சில இன்ஜின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை அடைப்பதே அதுதான். அது இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பும். போர்வெல் தண்ணீரும் வேண்டாம். அதன் உப்பு, புது ரேடியேட்டரின் குழாய்களை உள்ளிருந்தே அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான நீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்தால் போதும்.

இசுஸு இன்ஜின்தான் உங்கள் முடிவு என்றால் ஒரு வசதி இருக்கிறது. அம்பாசடரைச் செய்த கம்பெனியே தொண்ணூறுகளில் அதை அந்தக் காரில் வைத்து 1800 ஐஎஸ்இசட் என்று விற்றது. அந்த மாடலின் ரேடியேட்டர், ஃபேன், கூடு, ஹோஸ் எல்லாவற்றையும் இன்ஜினோடு சேர்த்தே பேசி வாங்குங்கள். இன்ஜின் எண் மாறுவதால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு என்ன அனுமதிக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்துவிடுவதும் நல்லது.

எந்த இன்ஜினுக்கு எந்த ரேடியேட்டர் போட்டீர்கள், கோர் அளவு என்ன, எந்த மலையில் முள் எதுவரை ஏறியது என்று எழுதுங்கள். வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளையும் ஏசியோடு ஏறிய அம்பாசடர் யாரிடமாவது இருந்தால் முன்பக்கத்தைத் திறந்துவைத்து ஒரு படமும் அனுப்புங்கள். அடுத்த இதழில் அளவுகளோடு வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்