ஏரியைச் சுத்த ஜெர்மனிக்குத்தான் போகணுமா?

ஆன்சைட் போய்ட்டு வர்ற பொட்டிதட்டிகள் எல்லாரும் சாக்லேட்டோட ஒரு கதையையும் சேர்த்துக் கொண்டு வருவாங்க. இப்போ நம்ம வட்டாரத்துல நல்லா ஓடுற கதை, புருஷனும் பொண்டாட்டியும் போடன்சே ஏரியைச் சைக்கிள்லயே சுத்தி வந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூணுக்கும் நடுவுல கிடக்குற ஏரி அது. கரையை ஒட்டி ஏறக்குறைய 260 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை. காலையில லின்டாவ்ல ஜெர்மன் காபி, கொஞ்ச தூரம் மிதிச்சா பிரெகென்ஸ்ல ஆஸ்திரியா, பொழுது சாயறதுக்குள்ள ரோர்ஷாக்ல சுவிட்சர்லாந்து. கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கும் பொறாமைதான், பொய் சொல்லலை.

கதை வரைக்கும் ஓகே. அது முடிஞ்சதும் ஒரு பெருமூச்சு விடுவாங்க பாருங்க, அங்கதான் கடுப்பாகுது. "நம்மூர்ல இதெல்லாம் நடக்குமா சார்? ஒரு பொம்பளைப் புள்ள சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போனா விடுவானுங்களா?"

இதை ஒரு புதுக்கோட்டைக்காரன்கிட்டயே வந்து சொல்றாங்க!

மக்களே, 1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு வகுப்போட சேர்த்து பொம்பளைகளுக்கு சைக்கிளும் கத்துக்கொடுக்கணும்னு முடிவு பண்ணினாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். 1992 மகளிர் தினத்தன்னைக்கு 1,500 பெண்களுக்கு மேல மணியடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள சைக்கிள்ல வந்து இறங்கினாங்க. லேடீஸ் சைக்கிளுக்குப் பஞ்சம், அதனால ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஓட்டினாங்க. முன்னாடி பார்ல புள்ளையை உக்கார வைக்கலாம்னு அதையே வேணும்னு கேட்டவங்களும் உண்டு. கல்குவாரியில வேலை பார்த்தவங்க, கூலி வேலைக்குப் போனவங்க, அங்கன்வாடி டீச்சருங்க எல்லாரும் இதுல அடக்கம். எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி, வாடகை சைக்கிள்ல, பள்ளிக்கூட கிரவுண்டுல விழுந்து எழுந்து கத்துக்கிட்டதும் அந்த சீசன்லதான். முட்டியில தழும்பு இன்னும் இருக்கு.

அதே 1991-ல போடன்சேக்குத் தெற்கே மலைப்பக்கம் என்ன நடந்துதுன்னு தெரியுமா? அப்பென்செல் இன்னர்ரோடன்னு ஒரு சுவிஸ் மாநிலம். அங்க மாநிலத் தேர்தல்ல பொம்பளைகளுக்கு ஓட்டே கிடையாதுன்னு ஆம்பளைங்க பிடிவாதமா இருந்தாங்க. 1990 நவம்பர்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தலையில குட்டின பிறகு, 1991-லதான் அங்க பெண்கள் முதல்முறையா ஓட்டுப் போட்டாங்க. சுவிட்சர்லாந்து முழுசுக்குமே தேசிய அளவுல 1971-லதான் கிடைச்சுது. அழகான ஏரியும் வழவழன்னு பாதையும் இருக்குற ஊர்ல எல்லாமே ஆதிகாலத்துலேர்ந்து அப்படித்தான்னு நினைச்சுக்கறது நம்ம அறியாமை.

"அது வேற சார். தண்ணி எடுக்க, சந்தைக்குப் போக ஓட்டினாங்க. இது ஹாலிடே." இந்த வாதமும் வரும். நானும் அதைத்தானய்யா சொல்றேன்! குடத்தைக் கட்டிக்கிட்டு மிதிக்கலாம், புள்ளையை வெச்சுக்கிட்டு மிதிக்கலாம், சும்மா ஊர் பாக்க மிதிச்சா மட்டும் குத்தமா? வேலைக்குப் போற சைக்கிளை ஒத்துக்குற ஊரு, சந்தோஷத்துக்குப் போற சைக்கிளைப் பாத்து ஏன் முகம் சுளிக்கணும்? அறிவொளி பாதி வேலையை முடிச்சு வெச்சிருக்கு. மீதி நம்ம தலையில.

சரி, ஏரியும் எல்லையும்தான வேணும்? டவுனை ஒட்டியே கவிநாடு கண்மாய் இருக்கு. ஐப்பசி கார்த்திகை மழை நல்லா பெஞ்சிருந்தா தை மாசத்துல அந்தக் கரையில நின்னு பாருங்க, அப்புறம் பேசுங்க. திருமயம் ரோட்டுல கொஞ்சம் மிதிச்சா வெள்ளாறு. பெரும்பாலும் மணலாத்தான் கிடக்கும், ஆனா சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லைன்னு பழங்காலத்துலேர்ந்து சொல்ற ஆறு அது. பாலத்து மேல ரெண்டு நிமிஷத்துல நாடு மாறிடலாம், விசா வேணாம் :-) அடுத்து திருமயம் கோட்டை, 1687-ல சேதுபதி கட்டினது. அங்கேர்ந்து கிழக்கே அறந்தாங்கி பக்கம் திரும்பினா இன்னொரு எல்லை. 1948 மார்ச் வரைக்கும் இந்தப் பக்கம் தொண்டைமான் சமஸ்தானம், அம்மன் காசு செல்லுபடியான மண். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் தஞ்சாவூர் ஜில்லா. ரெண்டையும் ஒட்டி ஒரே மாவட்டமாக்கினது 1974-லதான். ஆவுடையார்கோவில்ல கல்லுக் கொடுங்கையை அண்ணாந்து பாத்துட்டு மிதிச்சா மீமிசல்ல கடல். அங்க நிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒண்ணு தண்ணிக்குள்ளயே ஓடுது, அதுக்கு அந்தப் பக்கம் இலங்கை. கோட்டைப்பட்டினத்து மீனவங்களைக் கேட்டா அந்த எல்லையோட விலையைச் சொல்லுவாங்க.

இதுக்காக நம்மூர் சொர்க்கம்னு ஜல்லியடிக்க நான் வரலை. அங்க பாதை தனி, கார் தனி, ரயில்லயும் படகுலயும் சைக்கிளை ஏத்திக்கலாம். இங்க கிழக்குக் கடற்கரைச் சாலையில ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடிச்சான்னா சைக்கிளோட புளியமரத்துக்குள்ள பூந்துடணும். அதைவிடப் பெரிய பிரச்சினை, வழியில ஒரு பொம்பளை நம்பிப் போற மாதிரி சுத்தமான கழிப்பறை இல்லை. இதைத் திட்டுங்க, கூடவே நானும் கத்துறேன். பதினொண்ணாவது படிக்கிற புள்ளைங்களுக்கு வருஷா வருஷம் சைக்கிள் கொடுக்குற அரசாங்கம், அந்தச் சைக்கிள் ஓடுறதுக்கு ரோட்டோரம் நாலடி ஒதுக்க மாட்டேங்குதேன்னு கேளுங்க. அதை விட்டுட்டு "நம்ம ஜனங்க விட மாட்டாங்க"ன்னு பழியை ஜனங்க மேல போடாதீங்க. அந்த ஜனங்க முப்பது வருஷத்துக்கு முன்னாடியே விட்டுக்கொடுத்துட்டாங்க.

தைப்பொங்கல் லீவுல தங்கமணியும் நானும் கிளம்புறோம். திருமயம், அறந்தாங்கி, மீமிசல், மூணு நாள். வீட்ல சொன்னதும் மாமனார், "கார் இருக்கும்போது எதுக்கு மாப்ள இந்த வேலை?"ன்னார். அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க, சைக்கிள்ல பார் இருக்கா, இல்ல லேடீஸ் சைக்கிளான்னு.