உண்ணி பொறுக்கும் குருவி ஏன் ஓடிப்போனது?

தென்னாப்பிரிக்கா, சிம்பாப்வே, போட்ஸ்வானா என்றாலே டிவியில் சிங்கத்தைத்தான் காட்டுகிறார்கள். அங்கே குடியிருக்கிறவர்கள் அன்றாடம் ரசிப்பது வேறு. விடிவதற்கு முன்பே "ஹா-டீ-டா" என்று தெருவையே எழுப்பிவிட்டுப் பறக்கும் அரிவாள்மூக்கன். அதற்குப் பேரே ஹடீடாதான். ஜூன், ஜூலைக் குளிரில் பூக்கிற கற்றாழையில் தொங்கும் தேன்சிட்டு. வேலியோரமாக வந்து ரோஜாத் தளிரைக் கடித்துவிட்டுப் புதருக்குள் மறைகிற சின்ன மான். ரோஜா வைத்தவருக்கு எரிச்சல்தான், ஆனாலும் மறுநாள் வந்ததா என்று எட்டிப் பார்ப்பார்.

இந்த ரசனையைப் பொழுதுபோக்கு, காசுள்ளவன் வேலை என்று நம்ம ஆட்கள் தள்ளிவிடுவது உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தோட்டத்துக்கு எந்த உயிர் வருகிறது, எது வருவதில்லை என்பதை அந்த மண்ணில் என்ன ஊற்றினோம் என்பதுதான் முடிவு செய்கிறது. ஹடீடா ஈரமான புல்தரையில் நீண்ட அலகைச் செருகி, மண்புழுவையும் வேர் தின்னும் புழுவையும் இழுத்துத் தின்னும். அந்தப் புல்தரையில் புழுவுக்கு மருந்து போட்டுவிட்டு, பறவை வரலையே என்றால் எப்படி?

இதற்கு அந்த நாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்பெக்கர் என்று ஒரு குருவி. மாடு, எருமை, காண்டாமிருகம், இம்பாலா மான் என்று எதன் முதுகிலும் தொற்றிக்கொண்டு காது, கழுத்து, வால் இடுக்கு எல்லாம் சீப்பு போட்ட மாதிரி அலகால் வாரி உண்ணி பொறுக்கும். நம்ம உண்ணிக்கொக்கு மாட்டோடு கூடவே நடக்கும். இதுவோ மாட்டின் மேலேயே குடியிருக்கும். சில சமயம் புண்ணைக் கொத்தி ரத்தமும் குடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பு அலகு, மஞ்சள் அலகு என்று இரண்டு வகை.

1896இல் வெக்கை நோய் வந்து அங்கே மாடும் காட்டெருமையும் மந்தை மந்தையாகச் செத்தன. உண்ணி உட்கார உடம்பே இல்லாதபோது குருவி எதைத் தின்னும்? பிறகு 1902 வாக்கில் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்று, உண்ணி பரப்பும் நோய் ஒன்று மாடுகளுக்கு வந்தது. அரசாங்கமும் பண்ணைக்காரர்களும் தொட்டி கட்டி, அதில் ஆர்செனிக் கரைத்து, மாட்டை நீந்தவிட்டு எடுத்தார்கள். மாடு சாகும்போது உழவன் வேறு என்ன செய்வான், அந்தப் பதற்றம் நமக்கும் தெரியும். ஆனால் அந்த நஞ்சு உண்ணியோடு நிற்கவில்லை. உண்ணியைத் தின்ற குருவிக்கும் போனது. 1910 வாக்கில் மஞ்சள் அலகுக் குருவி தென்னாப்பிரிக்காவிலேயே இல்லை என்றானது. வேடிக்கை என்னவென்றால், சில பத்தாண்டுகளில் ஆர்செனிக் உண்ணிக்குப் பழகிப்போனது! பொறுக்கித் தின்ற குருவி போய்விட்டது, உண்ணி இருக்கிறது. அப்புறம் அதைவிடக் கடுமையான மருந்து. இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன?

1979இல்தான் குரூகர் தேசியப் பூங்காவில் மஞ்சள் அலகுக் குருவி தானாகவே திரும்ப வந்தது. சிவப்பு அலகுக் குருவியை, பறவையைக் கொல்லாத மருந்துக்கு மாறிய பண்ணைகளில் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மருந்துகளிலும் சில சாணவண்டுக்கு ஆகாது, ஆகவே முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குருவிக்காக மாட்டு மருந்தை மாற்றிய பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

இடையில் ஒன்று. டர்பன் நகரத் தோட்டங்களில் நம்ம மைனாவும் இருக்கிறது. கூண்டில் வளர்க்கக் கொண்டுபோனது, 1902இல் தப்பிப் பெருகிவிட்டது. அந்த ஊர்ப் பறவைகளின் பொந்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்று அங்கே அதற்கு நல்ல பேர் இல்லை. நம் ஊரில் உழவு மாட்டுக்குப் பின்னால் புழு பொறுக்கும் அதே பறவைதான்.

மான் கதையும் பண்ணையில்தான் இருக்கிறது. கேப் பகுதியின் தெற்குக் கரையில் நீலமான், போன்டபோக் என்று இரண்டு மான்கள் அக்கம்பக்கமாக மேய்ந்தன. ஐரோப்பியக் குடியேறிகள் இரண்டையும் சுட்டுத் தள்ளினார்கள், மேய்ச்சல் நிலத்தையும் பிடித்துக்கொண்டார்கள். 1800 வாக்கில் நீலமான் அடியோடு அழிந்தது. போன்டபோக்கும் அதே வழியில் போயிருக்கும். 1837 வாக்கில் அதே குடியேறிகளில் சில பண்ணைக் குடும்பங்கள் மிச்சமிருந்த மந்தையைத் தங்கள் நிலத்திலேயே வேலி போட்டுக் காத்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, 1931இல் அதற்கென்று தேசியப் பூங்கா தொடங்கியபோது உள்ளே விட்டது வெறும் 17 மான்கள். அந்த இடம் அவற்றுக்கு ஒத்துவராமல், பிறகு ஸ்வெல்லண்டம் ஊர்ப் பக்கம் மாற்றினார்கள். இன்று அங்கே காரை நிறுத்தி, அந்த வெள்ளை முகத்து மானை ஆசைதீரப் பார்க்கலாம்.

நீலமானைப் பார்க்க வேண்டுமென்றால் லெய்டன், ஸ்டாக்ஹோம், வியன்னா, பாரிஸ் அருங்காட்சியகங்களுக்குத்தான் போக வேண்டும். பாடம் செய்து நிறுத்திய தோல் இருக்கிறது.